மாடி வீட்டுக்கு எத்தனை மாதம்?

“மூணு மாசம். அதுக்கு மேல ஒரு நாள்கூட...”

“மூணு மாசத்துக்கு எவன் வீடு எடுப்பான்? ஊரே பதினோரு மாசம் எழுதுது, நீ மட்டும்...”

“ஊர்ல எல்லார் மாடியிலயும் ஒருத்தன் ஒன்பது வருஷம் தோல் காயவெச்சானா? நம்ம மாடியிலதானே காயவெச்சான்.”

மனைவி சுந்தரி சொல்வது உண்மைதான் என்று புகழேந்திக்கும் தெரியும். ஆம்பூரில் அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை அது. பதினோரு மாதம் என்று எழுதி மாடிக்குக் குடிவந்த ஒருவர், சாம்பிள் தோல்களைக் கைப்பிடிச் சுவரில் உலர்த்திக்கொண்டு ஒன்பது வருடம் இருந்தார். கெடு முடிந்ததை ஞாபகப்படுத்தப் போனால் உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பிவிடுவார். காக்காய்கள்கூட அவரைத்தான் வீட்டுக்காரர் என்று நினைத்திருந்தன. அவருக்குப் பின் வந்த ஜான்சன் நேர் எதிர். அதே பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டாம் மாதமே ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது என்று சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதிலிருந்து எட்டு மாதமாக மாடி காலி. மகள் நிஷா கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் மிஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து தைத்துவிட்டு வந்த சுந்தரிக்கு, தலைக்கு மேலே காலடிச் சத்தம் கேட்காத வீடு வீடாகவே படவில்லை. அவளுக்கு ஆள் வேண்டும். நல்ல ஆளாக வேண்டும். நல்ல ஆள்தானா என்று தெரிவதற்கு மூன்று மாதம் வேண்டும்.

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. வீடு பார்க்க வந்த ஃபைஸானும் ஹஃப்ஸாவும். அவன் ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கர். அவர்கள் மகள் ஆஃப்ரீன், மூன்றாவது போகப் போகிறவள், வந்த வேகத்தில் மாடிப்படி ஏறிவிட்டாள்.

சுந்தரி டீ கொடுத்தாள். கையோடு மூன்று மாதத்தையும் கொடுத்தாள்.

ஹஃப்ஸா டம்ளரைக் கீழே வைத்தாள். “சரி ஆன்ட்டி.”

அந்த ‘சரி’ சுந்தரிக்குச் சரியாகப் படவில்லை. மெல்லக் கேட்டாள். மூன்று வருடத்தில் நாலு வீடு மாறிவிட்டார்களாம். ஆஃப்ரீனுக்கு இரண்டு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் இருக்கிறதாம், தோஸ்த் என்று சொல்ல ஒரு பிள்ளை இல்லையாம். பேரணாம்பட்டில் ஒரு வீடு பதினோரு மாதத்துக்குக் கிடைக்கிறது, கம்பெனிக்குத் தூரம்தான், இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான் ஃபைஸான்.

மேலே தடதடவென்று ஆஃப்ரீன் ஓடினாள். எட்டு மாதம் கழித்து அந்தச் சத்தம். சுந்தரி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

“ஆறு மாசம்னா?”

“ஆறாவது மாசம் காலி பண்ணிடணுமா ஆன்ட்டி?”

புகழேந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய மனதோடு, பதினோரு மாதம் என்றார். ஹஃப்ஸா விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரலில் வந்தால் பிப்ரவரியோடு முடிகிறது. மார்ச்சில் பிள்ளைக்குப் பரீட்சை. பரீட்சை நேரத்தில் சாமான் கட்ட வேண்டியிருக்குமோ என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அப்ப ரெண்டு வருஷம் எழுதிக்கலாம்” என்றாள் சுந்தரி.

புகழேந்திக்கு டீ புரையேறியது.

அவர்கள் போன பிறகு அவர் நிறைய பேசினார். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட இல்லை என்று சொன்ன வாய் எது என்று கேட்டார். சுந்தரி பாத்திரம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, சொன்னது சொன்னதுதான் என்று முடித்தாள்.

மறுநாள் பத்திரம் எழுதும் நிசார் அஹமதுவிடம் போனார்கள். அவர் பேனாவைத் திறந்து, இரண்டு வருடம் என்று கேட்டதும் மூடிவிட்டார்.

“ஊரே எதுக்குப் பதினோரு மாசம் எழுதுதுன்னு நினைச்சீங்க? ஒரு வருஷம் ஆயிட்டா ரிஜிஸ்டர் பண்ணணும். ரிஜிஸ்டர் பண்ணணும்னா வீட்டோட மூலப்பத்திரம் வேணும். எடுத்துட்டு வாங்க.”

வீடு திரும்பும் வழியெல்லாம் புகழேந்தி இடுப்பைத் தடவிக்கொண்டே நடந்தார். மூலப்பத்திரம் புகழேந்தியின் அப்பா வைத்திருந்த இரும்புப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியை, அப்பாவின் கருமாதி முடிந்த கையோடு, அவருடைய அக்கா அமிர்தவள்ளி நெமிலிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பெட்டியின் சாவி மட்டும் புகழேந்தியின் அரைஞாணில் இருந்தது. சாவியை அவர் கொடுக்கவில்லை. பெட்டியை அவள் கொடுக்கவில்லை. ஆறு வருடமாகப் பேச்சும் இல்லை. வீட்டு வரி ரசீது அப்பா பெயரிலேயே வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் எதுவும் தேவைப்படவும் இல்லை.

“போன் பண்ணுங்க” என்றாள் சுந்தரி.

“அவ பண்ணட்டும்.”

“அவங்க எதுக்குப் பண்ணணும்? அவங்க மாடியா காலியா கெடக்குது?”

“பொட்டியத் தொறந்தா பங்கு கேப்பா. அப்பா வீட்ல பொண்ணுக்கும் பாதின்னு சட்டம் இருக்குது, தெரியுமா உனக்கு? அவ கையெழுத்து இல்லாம எதுவும் நடக்காது.”

“பாதி கேட்டா பாதி குடுப்போம். வெள்ளிக்கிழம தாண்டினா அந்தப் பொண்ணு பேரணாம்பட்டு போய்டும்.”

அவளே போன் செய்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு அந்தப் பக்கத்திலிருந்து அமிர்தவள்ளி ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இப்ப நீ கூப்புடறது பொட்டியவா, என்னையவா?”

சுந்தரிக்குப் பொய் வரவில்லை. “ரெண்டையும்தான் அண்ணி.”

 பிறகு, வேலூரில் இறங்கி இப்போதெல்லாம் எந்த பஸ் ஏற வேண்டும் என்று அமிர்தவள்ளி விசாரித்தாள்.

வியாழக்கிழமை ஆட்டோவில் பெட்டியும் ஒரு மூட்டை வேர்க்கடலையுமாக வந்து இறங்கினாள். புகழேந்தி அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினார். தேங்காய் எண்ணெய் விட்டு, அக்கா பெட்டியைப் பிடித்துக்கொள்ள, தம்பி திருக, கால் மணி நேரத்தில் பூட்டு விட்டது. உள்ளே அப்பாவின் மூக்குக்கண்ணாடி, கம்பெனி அடையாள அட்டை, பழைய ஸ்வெட்டர். அடியில் துணியில் சுற்றிய பத்திரம். ஸ்வெட்டரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுததில், பத்திரத்தைப் பிரித்துப் படிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அவள் பங்கு கேட்கவில்லை. குடிவரப் போகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்றாள். சாயங்காலம் ஹஃப்ஸா வந்தாள். ஆஃப்ரீன் அரை மூட்டைக் கடலையைத் தீர்த்தாள்.

“ஒரு வீட்ல வேர் விடற ஜனங்கள எதுக்கு மாசக் கணக்குல நிக்கவெக்கறீங்க?” என்றாள் அமிர்தவள்ளி. “என்னைக் கேட்டா அஞ்சு வருஷம் எழுதுவேன்.”

அஞ்சு ஜாஸ்தி என்று புகழேந்தி பேரம் பேசி, பழையபடி இரண்டில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“உன் வீடு, உன் இஷ்டம்” என்று அவள் சிரித்தாள். ஆறு வருடத்தில் அக்காவின் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. சுந்தரியைப் பெருமையோடு பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் நிசார் அஹமதுவின் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தார்கள். ஃபைஸான் இனிப்பு வாங்கி வந்திருந்தான். அமிர்தவள்ளி சுந்தரியின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்குப் பின் மாடிக்கு ஆளும், ஆறு வருடத்துக்குப் பின் நாத்தனாரும் ஒரே வாரத்தில் கிடைத்த சந்தோஷத்தில் சுந்தரி இன்னொரு கையால் இனிப்பை எடுத்து எல்லோருக்கும் நீட்டினாள்.

நிசார் அஹமது மூலப்பத்திரத்தைப் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றி, கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனியில் வேலை செய்ததுண்டா என்று அமிர்தவள்ளியைக் கேட்டார். ஏழு வருடம் என்றாள் அவள். அவர் தலையாட்டிவிட்டு ஒரு பக்கம் எழுதி முடித்தார். பிறகு இன்னொரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“லேடீஸ் தொழிலாளிங்களுக்கு மனை குடுத்தப்ப உங்கப்பா இத உங்க ஒருத்தர் பேர்லதாம்மா வாங்கியிருக்காரு; மேல் வீட்டுக்காரங்களுக்கு ரெண்டு வருஷம் எழுதிட்டேன், கீழ் வீட்ல குடியிருக்கற உங்க தம்பிக்கு எத்தன மாசம்னு போடட்டும்?”