சாரக்கா கேட்ட கதவு

நெய்வேலியில் இருக்கிற பெரிய மிஷினெல்லாம் பார்த்தவள் நான். ஒரு தெருவையே ஒரு வாய்க்கு அள்ளுகிற சக்கரம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் வாயைப் பிளப்பார்கள். நான் பிளந்ததில்லை. தினம் பார்க்கிற சாமான். நான் வாயைப் பிளந்து நின்றது ஒரே ஒரு ஆள் முன்னால்தான். சாரக்கா.

சொந்தப் பேர் ஏதோ இருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த ஃபாதருக்கே மறந்திருக்கும். எல்லாரையும் சார் என்பார். அதனால் சாரக்கா.

சூப்பர்வைசர் சார். அது சரி. டீ விற்கிற ஆயாவும் சார். கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் சார். கோயிலில் ஃபாதர் சார். வீட்டுக்காரரும் சார்தான். கோபம் வந்தால் மட்டும் அவர் 'சார் அவர்களே' ஆகிவிடுவார்.

ஒரு நாள் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை ஒட்டி சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"சார், அந்தாண்ட போங்க சார். மாட்டிக்கப் போறீங்க" என்றார் சாரக்கா.

சூப்பர்வைசர் துள்ளி நகர்ந்தார். நாய் நகரவில்லை.

"உங்கள இல்ல சார். அவர."

சூப்பர்வைசர் குள்ளஞ்சாவடிக்காரர். ரோஷம் உண்டு. "என்னையும் நாயையும் ஒண்ணாவாம்மா கூப்புடுவ?"

"ஒண்ணா இல்ல சார். அவர கொஞ்சம் பயந்துகினு கூப்புடுவேன். கடிப்பாரு."

மாதாவை மட்டும் அம்மா என்பார். "அவங்களுக்கு மட்டும் ஏன்க்கா?" என்று கேட்டேன். "அவங்ககிட்ட நான் இன்னும் சண்ட போடல" என்றார்.

ஏன் இப்படி என்று ஒரு தரம் சொன்னார். ஏதோ ஓர் ஆபீசுக்குப் புருஷனோடு போயிருக்கிறார். மனு இவருடையது. கையெழுத்தும் இவருடையது. அங்கே இருந்த ஆள் புருஷனைப் பார்த்து "சார், உக்காருங்க சார்" என்றானாம். இவரைப் பார்த்து "ஏம்மா, நீ தள்ளி நில்லு" என்றானாம். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன் சார். குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

எங்கள் வேலை பெல்ட் சுத்தம். சுரங்கத்திலிருந்து பழுப்பு நிலக்கரி பெல்ட்டில் ஓடிவரும். வழியில் சிந்தும். சிந்தினதை மண்வெட்டியால் அள்ளி மேலே போடவேண்டும். எல்லாரும் கான்ட்ராக்ட். ஓடுகிற பெல்ட் பக்கத்தில் புடவை கூடாது. முந்தானை மாட்டினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். பேண்ட், முழுக்கை சட்டை, ஹெல்மெட்.

ஆனால் மந்தாரக்குப்பம் தெருவில் பேண்ட் போட்டு நடக்க எங்களால் ஆகாது. மாமியார் இருக்கிறார். வீட்டு ஓனர் இருக்கிறார். எதிர்வீட்டு ஜன்னல் இருக்கிறது. அதனால் புடவையில் வருவோம். இங்கே மாற்றுவோம். திரும்பப் புடவைக்கு மாறிப் போவோம்.

முதலில் மாற்ற இடம் கிடையாது. புதர்தான். ஒரு பழைய புடவையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வோம். நடுவில் ஒருத்தி மாற்றுவாள். காற்று அடித்தால் புடவை ஒரு பக்கம் போகும், மானம் ஒரு பக்கம் போகும்.

ரூம் கேட்டோம். ஆகட்டும் என்றார்கள். மறுபடி கேட்டோம். பார்க்கலாம் என்றார்கள்.

ஒரு நாள் காலை சாரக்கா எங்களை நேராகக் கான்ட்ராக்ட் ஆபீஸ் வாசலுக்குக் கூட்டிப்போனார். பழைய புடவையை விரிக்கச் சொன்னார். நாலு பக்கமும் பிடித்தோம்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல சார். ஷிப்டுக்கு நேரமாச்சு. மாத்திகினு போயிடுறோம். நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

உள்ளே இருந்தவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒருத்தர் சுவரைப் பார்த்தார். ஒருத்தர் மின்விசிறியைப் பார்த்துக் கும்பிட்டார். முதலாளி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "கட்டித் தரேன், போங்க" என்றார்.

"கண்ணத் தொறந்து சொல்லுங்க சார். அப்பதான் நம்புவோம்."

தகர ஷெட் வந்தது. கதவு வந்தது. கதவில் 'பெண்கள்' என்று எழுதினார்கள். உள்ளே தாழ்ப்பாள். நாங்கள் ஆளுக்கு ஒரு தடவை அந்தத் தாழ்ப்பாளைப் போட்டு எடுத்துப் பார்த்தோம். சத்தம் நன்றாக இருந்தது.

சில வருஷம் போயிற்று. ஆபீசுக்கு ஒரு மேடம் வந்தார். சின்ன வயசு. கோயம்புத்தூர் பக்கம். நல்ல மாதிரி. எங்கேயோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்து எங்களை எல்லாம் கூப்பிட்டார்.

"இனிமேல் யாரையும் சித்தாள், பொம்பள ஆளுன்னு கூப்படக் கூடாதுங்க. எல்லாரும் பணியாளர். ஆணு, பொண்ணுன்னு வார்த்தையில பிரிக்கவே வேண்டாமுங்க."

சாரக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் கேசரி கிண்டிக் கொண்டுவந்தார். முதல் கை மேடத்துக்கு. ரெண்டாவது கை நாய்க்கு. சூப்பர்வைசருக்கு அடி ஒட்டினது.

கேசரி செரிக்கிறதுக்குள் பெயின்டர் வந்துவிட்டார். போர்டெல்லாம் மாற்றினார். அதே கையோடு எங்கள் கதவையும் மாற்றிவிட்டுப் போனார். 'பெண்கள்' போயிற்று. 'அனைவருக்கும்' வந்தது.

அடுத்த ஷிப்டில் நாங்கள் போனபோது உள்ளே ஆண்கள் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். ஒருத்தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தான். கருவாட்டு வாசனை.

"எழுந்திரிங்க சார், மாத்தணும்" என்றார் சாரக்கா.

"போர்ட படிக்கா. அனைவருக்கும்."

அன்றைக்கு மறுபடியும் புதர். தேவி மட்டும் மாற்றவில்லை. தேவி எங்களில் சின்னவள், ஷெட் வந்த பிறகு சேர்ந்தவள். வாடகை வீட்டில் தனியாக இருக்கிறவள். சட்டையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். புடவையோடு பெல்ட் பக்கம் விடமாட்டார்கள். திரும்பிப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே. இன்னும் ஒரு வாரம் போனால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

சாரக்கா மேடத்திடம் போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"போர்ட மாத்துங்க சார்."

மேடம் திகைத்துவிட்டார். "ஏனுங்கக்கா, நீங்களே எல்லாத்தையும் ஒண்ணா சார்னு கூப்படறவங்க. உங்களப் பார்த்துத்தானுங்க எனக்கே தைரியம் வந்துச்சு."

"கூப்புடறது வேற சார். கதவு வேற. வாயால எத்தினி பேர வேணா ஒண்ணாக்கலாம். துணிய அவுத்தா நாங்க பொம்பளைங்கதான். அத எழுதிக் குடுங்க."

மேடம் எங்களுக்குப் பின்னால் ஓரமாக நின்றிருந்த மலரைப் பார்த்தார். பிறகு சொன்னார். "நான் அதை மலருக்காகத்தான் பண்ணுனேனுங்க."

மலர் திருநங்கை. நெல்லிக்குப்பம் பக்கம். புதிதாகச் சேர்ந்தவள். முதல் நாளே சாரக்காவிடம் மல்லுக்கு நின்றவள். "வாங்க மலர் சார்" என்று இவர் சொல்ல, அவள் முகம் கறுத்துப்போயிற்று. "என்ன மட்டும் அப்படிக் கூப்புடாதீங்க. அந்த வார்த்தையிலருந்து தப்பிச்சு வந்தவ நான்." ஃபாதர் கெஞ்சியும் மாற்றிக்கொள்ளாத சாரக்கா, "சரி, மலரு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு தரம் கூட வாய் தவறவில்லை.

அந்த மலர் எங்கே மாற்றினாள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஆண்கள் பக்கம் போனால் விசில். எங்கள் பக்கம் வர அவளுக்கே தயக்கம். பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் நின்று மாற்றியிருக்கிறாள். அங்கேயும் ஒருவன் போனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். மேடத்துக்கு அது தெரிந்திருக்கிறது.

"பெண்கள்னு எழுதி, மலரும் அங்கேயே வரட்டுமுங்க" என்றார் மேடம்.

"அப்ப நான் வரல" என்றாள் தேவி. அவள் குரலை நான் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டேன். "யார் மேலயும் கோவம் இல்ல. முன்ன இருந்த வூட்டுல குளிக்கிற எடத்துல எட்டிப் பாத்துகினே இருந்தாங்க. அதுலருந்து பொம்பளைங்க மட்டும்னாதான் எனக்கு மூச்சு வருது. என்னன்னு கேக்காதீங்க."

"நானும் பொம்பளதான்" என்றாள் மலர். "ஆனா பயந்துகினு இருக்கிறவ முன்னாடி போய் நிக்க எனக்கும் ஆச இல்ல. அதுக்காவ பம்ப் ஷெட்டுலயே கிடக்கவும் முடியாது."

எங்களுக்குள் கசமுசா ஆயிற்று. ஒருத்தி தேவி பக்கம். ஒருத்தி மலர் பக்கம். ஒருத்தி, வேலை போய்விடுமோ என்று வாசல் பக்கம். நான் எந்தப் பக்கமும் போகவில்லை. எனக்கு இரண்டு பேரும் சொன்னது புரிந்தது. இரண்டும் புரிந்தால் கால் நகராது.

சாரக்காவையே பார்த்தோம். அவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"தேவி சார் சொல்றது பொய்யில்ல. மலரு சொல்றதும் பொய்யில்ல. அப்போ குத்தம் ஷெட்டு மேலதான். ஒரு ஷெட்டு, ஒரு தாழ்ப்பா. அதான் அடிச்சிக்கிறோம். உள்ள ரூமு ரூமா தடுத்துடலாம்."

"தடுக்கத் தகரத்துக்கு எங்க போறதுங்க?" என்றார் மேடம்.

"தகரம் எதுக்கு சார்? பெல்ட்டு எதுக்கு இருக்கு?"

இந்த ஊரில் தேய்ந்துபோன பெல்ட் ரப்பர் இல்லாத இடம் கிடையாது. மாட்டுக்கொட்டகையில் தரை அதுதான். வேலி அதுதான். குளியலறை வாசலில் மிதியடி அதுதான். ஆனால் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தவருக்குத்தான் அதன் கனம் தெரியும். செத்த எருமை தேவலை.

கழித்துப் போட்ட ரப்பரை மேடம் கேட்டு வாங்கித் தந்தார். தூக்க ஆள் வேண்டுமே. சாரக்கா நேராக எங்கள் ஷெட்டுக்குள் போனார். படுத்திருந்தவர்களைப் பார்த்தார்.

"சார், இது அனைவருக்கும்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப அனைவரும் வாங்க. புடிங்க."

அவர் சொன்ன தோரணையில் எழுந்தார்கள். ஏன் எழுந்தோம் என்று அவர்களுக்கே தெரியாது. வெயில் மண்டையைப் பிளந்தது. கருவாட்டு டப்பா ஆள் முன்னால், மற்றவர்கள் பின்னால். சாரக்கா நடுவில் தோள் கொடுத்தார். "சார், தூக்குங்க சார். சார், விடாதீங்க சார்." சூப்பர்வைசர் வேடிக்கை பார்க்க வந்தார். அவர் தோளிலும் ஒரு முனை ஏறிவிட்டது.

"நான் சூப்பர்வைசர்மா!"

"தெரியும் சார். அதான் முன்ன விட்டேன்."

சாயங்காலத்துக்குள் ஷெட்டுக்குள் வரிசையாகத் தடுப்பு நின்றது. துப்பாக்கிக் குண்டு கூடத் துளைக்காது. ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் மேடம் தன் கையால் வாங்கி வந்தது. வெளிக்கதவில் மறுபடி 'பெண்கள்'. அந்த எழுத்தை மேடமே பிரஷ் பிடித்து எழுதினார். கோணலாக இருந்தது. யாரும் திருத்தவில்லை.

தேவி வந்தாள். கடைசித் தடுப்பை எடுத்துக்கொண்டாள். மலருக்கு வாசலை ஒட்டின தடுப்பு. முதல் சில நாள் மலர் உள்ளே இருந்தால் தேவி வெளியே நிற்பாள். பிறகு நிற்கவில்லை. இன்றைக்கும் இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. தேவிக்கு மலர் டீ நீட்டினால் வாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. வேலை இரண்டு பேருக்கும் இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லவில்லை. அந்த ரூமில் சாரக்காவுக்கு ஒரு வேலையும் கிடையாது. அவர் வீட்டிலிருந்தே பேண்ட் சட்டையோடு மொபெட்டில் வருகிறவர். தெரு சிரித்தால் சிரிக்கட்டும் என்று, ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு. புதர் காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரு நாளும் புடவைத் திரைக்குள் நின்றதில்லை. ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

"உங்களுக்கு எதுக்குக்கா இத்தினி சண்ட?" என்று கேட்டேன்.

"எனக்கு வேணும்னு கேட்டா கொரலு நடுங்குது சார்" என்றார். "உங்களுக்குன்னா நடுங்கல."

போன மழைக்கு மொபெட் வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, பல் கிட்டிப்போய் நின்றார். என்னிடம் இருந்த மாற்றுச் சட்டையையும் பேண்டையும் கையில் கொடுத்து, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினேன். தடுப்புக்குள் போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நல்ல தாழ்ப்பாள்தான், திறக்காது. இருந்தாலும் அவர் வெளியே வருகிற வரைக்கும் நான் அந்தக் கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றேன்.