இடிந்த மடத்துக்காரர்

மனிதரில் இடிபாட்டுப் பிரியர் என்றோர் இனம் உண்டு. நிமிர்ந்து நிற்கிற கட்டடம் இவர்கள் கண்ணில் படாது, விழுந்தால்தான் மரியாதை. உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார். கனடாவின் மொன்ட்ரியால்-நோரில் எங்களுக்கு வாய்த்தவர் றெனோல்ட்.

பிரான்சில் தங்கையைப் பார்க்கப் போன இடத்தில், வழியில் கிடந்த பாழடைந்த மடமொன்றை அரை மணித்தியாலம் பார்த்தார். அவ்வளவுதான், தொடங்கிவிட்டது வினை! அன்றிலிருந்து கலியாண வீடோ, செத்த வீடோ, மெத்ரோ ரயில் வாசலோ, ஆள் அகப்பட்டால் போதும்; பெனடிக்ற் சபைத் துறவிகள் ஆயிரம் வருசத்துக்கு முன்னர் காடு வெட்டி அதைக் கட்டியது, செபமும் வேலையுமாய் வாழ்ந்தது, முந்திரிகைத் தோட்டம் போட்டது, படைகள் வந்து கொள்ளையடித்தது, புரட்சிக்காரர் துறவிகளைத் துரத்தியது, ஊரார் கல்லைப் பெயர்த்துப் பன்றிக்கூடு கட்டியது என்று எல்லாம் கைத்தொலைபேசிப் படங்களோடு வந்து இறங்கும். கதை பன்றிக்கூட்டுக்கு வந்ததும் குரல் தழுதழுக்கும். நடிப்பில்லை, உண்மைக் கண்ணீர்.

போன இலையுதிர் காலத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கூரை ஒழுகத் தொடங்கியது. பனிக்கு முன் திருத்தாவிட்டால் கோயிலைப் பூட்ட வேண்டியதுதான் என்று பாதர் கூட்டம் வைத்தார். சனிக்கிழமை கைகொடுக்க யார் வருவீர்கள்? எழும்பியவர் றெனோல்ட்.

“அந்த மடம் எப்பிடி விழுந்தது தெரியுமோ? கல்லெடுத்தது பேந்துதான். முதல் போனது கூரை! ஒருத்தரும் ஏறிப் பாக்கேல்லை!”

சனம் உருகிவிட்டது. கோயில் சங்கச் செயலாளர் கத்தரின் மட்டும் உருகவில்லை.

“அப்ப நீங்கள் சனிக்கிழமை வாறியள்தானே, அண்ணை?”

“சனிக்கிழமையோ? ஐயோ பிள்ளை, கர்க்லாண்டிலை ஒரு பிறந்தநாள். மடத்துப் படம் காட்டச் சொல்லிக் கேட்டவை.”

சனிக்கிழமை பாதர் வந்தார், கத்தரின் வந்தார், ஓர் ஏணி வந்தது. வேறு ஒருவரும் இல்லை. மாசி மாதப் பனியின் பாரத்தில் கூரை பீடத்தின் மேலேயே இறங்கியது. கோயிலுக்குப் பூட்டு விழுந்தது.

கேள்விப்பட்டு முதலாவதாய் ஓடி வந்தவர் றெனோல்ட்தான். யன்னலால் எட்டிப் பார்த்தார். பனி மூடிய இருக்கை வாங்குகள்; பீடத்தில் நேரே விழும் வெயில். அவருக்கு நெஞ்சை அடைத்தது. துக்கம் என்றுதான் பாவம் அவர் நினைத்தார். அதற்குள் கை படமெடுக்கத் தொடங்கியிருந்தது.

இப்போது அவரிடம் இரண்டு சரித்திரங்கள் இருக்கின்றன. இரண்டாவதற்குத்தான் கிராக்கி. கோயில் ஒழுகியபோது எட்டிப் பார்க்காத சனமெல்லாம் கதை கேட்க வந்து மூக்கைச் சிந்துகிறது.

என்ன, சிரிக்கிறீர்களா? நன்றாய்ச் சிரியுங்கள். அந்தச் சனிக்கிழமை உங்களையும் அங்கே காணவில்லை என்று கத்தரின் சொல்கிறார்.