கம்பனிக்குத் தெரிந்த கோழி

கோழி பற்றிய முதல் அறிவித்தல் போனில் வந்தபோது வலன்ரைன் காருக்குள் இருந்து கோழிதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நோபல் பார்க் ஸ்டேஷன் கார் பார்க். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டிருந்தார். மடியில் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய சூடான ரோஸ்ட் கோழி. ஒரு காலைப் பிய்த்து வாயில் வைத்த நேரம் பார்த்துப் போன் சிணுங்கியது. 'உங்களுக்குப் பிடித்த ரோஸ்ட் கோழி, இந்த வாரம் சலுகை விலையில்' என்று படத்தோடு வந்திருந்தது.

அது தவக்காலம். ஈஸ்டர் வரும்வரை அவர் வீட்டில் மச்ச மாமிசம் இல்லை. அவர் வீட்டில் மட்டுமல்ல, அந்தப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கச் செபக்குழு முழுவதிலுமே இல்லை. முட்டைகூடக் கூடாது என்று கூட்டத்தில் எழும்பி நின்று பிரேரித்தவர், குழுவின் தலைவராகிய இதே வலன்ரைன்தான். போன தவக்காலத்தில் பிரஷாந்தன் வேலையிடத்தில் மட்டன் ரோல் சாப்பிட்டான் என்று கேள்விப்பட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அவனை எழுப்பி நிறுத்தி விசாரித்தவரும் இவர்தான். அதற்குப் பிறகு பிரஷாந்தன் நெடுநாள் செபத்துக்கே வரவில்லை. இந்த வருடம்தான் திரும்ப வரத் தொடங்கியிருந்தான்.

கோழியை விழுங்க முடியவில்லை. ஏனென்றால் அறிவித்தலை அனுப்பிய அந்தச் சுப்பர்மார்க்கெட் ஆப் அவருடையது மட்டுமல்ல. குழு முழுவதற்கும் ஒரே ஒரு பொயின்ற்ஸ் கார்ட். அதன் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, எல்லோரும் ஒரே லொக்-இன்னில் ஆப்பை இறக்கி வைத்திருந்தார்கள். யார் அந்தச் சுப்பர்மார்க்கெட்டின் எந்தக் கிளையில் சாமான் வாங்கினாலும் அதைத்தான் ஸ்கான் பண்ணவேண்டும். சேருகிற பொயின்ற்ஸில் ஈஸ்டருக்கு எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. அதுவும் வலன்ரைனின் யோசனைதான். ஆகவே டண்டினோங்கில் இருக்கிற பிரஷாந்தனுக்கும், கிளென் வேவர்லியில் தங்கியிருக்கிற ஃபாதர் ஜெறோமுக்கும், ஸ்பிரிங்வேலில் வேலை செய்கிற வலன்ரைனின் மனைவி யசிந்தாவுக்கும் இதே கோழி இதே நேரம் போயிருக்கும்.

ஆனால் அவர் கார்டை ஸ்கான் பண்ணவே இல்லையே! காசாகக் கொடுத்து, ரசீதையும் கடை வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டல்லவா வந்தார்? கம்பனிக்கு எப்படித் தெரிந்தது?

ஈரத் துணியால் கையைத் துடைத்து, காருக்குள் சென்ட் அடித்து, வீட்டுக்குப் போனார். குசினியில் நின்ற யசிந்தா அவரைக் கண்டதும் போனைக் கவிழ்த்து வைத்தாள். முகத்தைப் பார்க்காமலே, பருப்புக்கு உப்புக் காணுமா என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரஷாந்தன் தலையைக் குனிந்துகொண்டு விறுவிறென்று காருக்குப் போய்விட்டான். ஃபாதர் வழக்கமாகச் சொல்லும் ஒறுத்தல் பிரசங்கத்தை அன்றைக்குத் தொடவே இல்லை.

எல்லோருக்கும் விளங்கிவிட்டது, என் முகத்தைப் பார்க்கக் கூசுகிறார்கள் என்று வலன்ரைன் முடிவு செய்தார். அவருக்கும் கூசியது. ஆப்பைத் திறந்து பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

செபக்குழுவில் பாட்டுப் பாடும் பிறின்சிக்குச் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு சிநேகிதனுக்குத் தெரியவேண்டுமாம் என்று சொல்லி, ஆள் கடையில் வாங்குவது கம்பனிக்கு எப்படித் தெரிகிறது என்று அவளிடம் மெல்ல விசாரித்தார்.

"லொகேஷன் எடுப்பாங்கள், கமராவில பாப்பாங்கள். தே நோ எவ்ரிதிங், அங்கிள்," என்றாள் அவள்.

அன்றைக்கே போனில் லொகேஷனை நிறுத்தினார். மறுநாள் ட்ருகனினாவில் தான் வேலை செய்யும் வெயார்ஹவுஸுக்குப் போனின் வழிகாட்டும் மப் இல்லாமல் புறப்பட்டவர், திரும்பவேண்டிய இடத்தைத் தவறவிட்டு ஜீலோங் வீதியில் வெகுதூரம் போய்விட்டார். சுப்பவைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அந்த ஆற்றாமையில் மாலையில் இன்னொரு கோழி வாங்கினார். இரண்டு நாளில் அடுத்த அறிவித்தல் வந்துவிட்டது.

அப்படியானால் கமராதான். அடுத்த முறை தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கொரோனாக் காலத்து மாஸ்க் எல்லாம் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு நாளும் அவரைத் திரும்பியும் பார்க்காத செக்கியூரிட்டி, அன்றைக்கு அவர் பின்னாலேயே வந்து பையைத் திறக்கச் சொன்னான். வீட்டில் யசிந்தா மாஸ்க்கைக் கண்டு என்னவென்று கேட்க, தடிமன், மூக்கடைப்பு என்றார். அவள் உடனே குழுவில் போட்டுவிட்டாள்: 'வலன்ரைனின் சுகத்துக்காகச் செபியுங்கள்.'

அன்று மாலை கதவைத் தட்டியது பிரஷாந்தன். கையில் ஒரு பிளாஸ்க்.

"கொத்தமல்லித் தண்ணி அண்ணை, சுடச்சுடக் குடியுங்கோ," என்றான். "ஒறுத்தலெண்டு உடம்பை இவ்வளவு வருத்தாதேங்கோ. நீங்கள் நல்லா மெலிஞ்சு போனீங்கள்."

கோழியால் ஒரு சுற்றுப் பருத்திருந்த வலன்ரைன் கதிரையில் இருந்து அதைக் குடித்தார். வெட்கத்தில் காது சுட்டது. தான் எழுப்பி நிறுத்தி அவமானப்படுத்திய மனுஷன், தனக்காக டண்டினோங்கில் இருந்து பிளாஸ்க் சுமந்து வந்திருக்கிறான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. இந்தக் கோழி விஷயத்தை அடியோடு அழித்துவிட்டால் போதும், இனிமேல் தொடவே மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் கம்பனிக்கே போன் எடுத்து, கோழி பற்றிய தகவலை எல்லாம் அழிக்கச் சொன்னார். உங்கள் அந்தரங்கத்தைப் பாதுகாக்க முதலில் நீங்கள் யாரென்று உறுதிப்படுத்த வேண்டும் என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். அதுவரை செபக்குழுவின் பெயரில் இருந்த கணக்குக்கு வலன்ரைன் தன் முழுப்பெயர், பிறந்த திகதி, முகவரி, லைசன்ஸ் இலக்கம் எல்லாவற்றையும் கொடுத்தார். அவள் நன்றி சொல்லி, அழிப்பதற்குச் சில வாரம் எடுக்கும் என்றாள்.

தவக்காலத்தின் கடைசி வெள்ளிக்கு முந்திய வெள்ளி, சிலுவைப்பாதைச் செபம் வலன்ரைன் வீட்டில். ஹோல் நிறைய ஆட்கள் முழந்தாளில் நின்றார்கள். இயேசு மூன்றாம் முறை விழுகிறார் என்று வலன்ரைன் உருக்கமாக வாசித்துக்கொண்டிருந்தபோது, ஹோலில் இருந்த அத்தனை போனும் ஒன்றாகச் சிணுங்கின.

'வலன்ரைன், உங்கள் கோழி உங்களுக்காகக் காத்திருக்கிறது. இன்று அரை விலை.'

எல்லாத் தலைகளும் குனிந்தபடி இருந்தன. வலன்ரைன் புத்தகத்தை மூடினார்.

"ஓம், நான்தான்," என்றார். "வெள்ளிக்கிழமையளிலகூடக் காருக்குள்ள ஒளிச்சிருந்து கோழி திண்டனான். நோபல் பார்க் கடையிலதான் வாங்கினனான். காசு குடுத்து, கார்ட் ஸ்கான் பண்ணாமத்தான் வாங்கினனான். அப்பிடியும் கம்பனி கண்டுபிடிச்சிட்டுது." பிரஷாந்தன் பக்கம் திரும்பினார். "பிரஷாந்தன், போன வருஷம் உன்னைக் கேட்டன் பார், அதைக் கேக்க எனக்கு ஒரு தகுதியும் இல்லை. என்னை மன்னிச்சுக்கொள் தம்பி."

பிரஷாந்தன் நிமிரவில்லை. யசிந்தா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பாவமன்னிப்பைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டிய ஃபாதர் ஜெறோம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டினாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். தன் மேல் இவ்வளவு வெறுப்பா என்று வலன்ரைனுக்குக் கண் கலங்கியது.

அவர் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தக் கோழித் தகவலைத் தானே அழித்துத் தருகிறேன் என்று பிறின்சி ஆப்பைத் திறந்தாள். வாங்கிய சாமான்களின் விபரத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தரம் பார்த்தாள்.

"அங்கிள், கார்ட் ஸ்கான் பண்ணாட்டி இதில ஒண்டும் ஏறாது. இதில கிடக்கிற கோழியெல்லாம் டண்டினோங், ஸ்பிரிங்வேல், கிளென் வேவர்லி. நோபல் பார்க்கில ஒண்டுகூட இல்லை."