பல்லைக் காட்டிய அமைச்சர்

என் மனைவி என்னிடம் மரியாதையாகப் பேசினால் ஏதோ வலை விரிக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே விரித்தாள்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாகவே என் கடைவாய்ப்பல் ஒன்று விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. கீழ் வீட்டில் நாங்கள். மாடியிலேயே ஒரு பல் டாக்டரம்மா. படியேறினால் தீர்ந்தது கதை. ஆனால் ஏற மாட்டேன். பயமா? சேச்சே! ஊசி என்றால் எனக்குப் பிடிக்காது. இடுக்கி என்றால் சுத்தமாகப் பிடிக்காது. அவ்வளவுதான். "வலியா? எனக்கா?" என்று கேட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகவே மென்று தின்று, மானத்தோடு வாழ்ந்து வந்தேன்.

அன்றைக்கு மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் புத்தகத்தோடு வந்து மடியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வெளியுறவு அமைச்சர்னா யாருப்பா?"

"மத்த நாட்டுக்காரங்ககிட்ட நம்ம நாட்டுக்காகப் பேசறவர்மா. சண்டை வராம பாத்துக்கணும். வந்துட்டா பேசியே தீர்க்கணும். நம்ம ஆளு யாராவது அங்க போய் மாட்டிக்கிட்டா, பத்திரமா மீட்டுக் கூட்டிட்டு வரணும்."

"டிவியில எப்பப் பாத்தாலும் கை குலுக்கிட்டு சிரிச்சிட்டே இருக்காரே?"

"அதுதான் இருக்கறதுலயே கஷ்டமான வேலை. பிடிக்காதவங்ககிட்டயும் பல்லைக் காட்டணும்."

"பல்லைக் காட்டறது ஒரு வேலையா?"

"காட்டணும். ஆனா எதையும் விட்டுக்கொடுத்துடக் கூடாது!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எவ்வளவு அழகா சொல்றீங்க! நம்ம வீட்டுக்கு நீங்கதாங்க வெளியுறவு அமைச்சர்."

வலை விரிந்தது இங்கேதான்.

"அப்ப நீ யாரு?"

"நான் உள்துறை. அடுப்படியைத் தாண்டி எனக்கு என்ன தெரியும்? ஏங்க, மாடிக்கு வர்றவங்க வண்டியை வாசல் கேட்டுக்குக் குறுக்கால நிறுத்தறாங்கன்னு தினம் கத்தறீங்களே, ஒரு எட்டு மேல போய் டாக்டர்கிட்ட பேசிட்டு வாங்களேன். உங்களை மாதிரி யாரால பேச முடியும்?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. முந்தின நாள் இவளும் அந்த டாக்டரம்மாவும் மாடிப்படியில் நின்று குசுகுசு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்று பேச்சு மாறியது. விளக்கு வைத்த பிறகு என்ன வெயில்? சந்தேகமே இல்லை. என் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தை இவள் மாடிக்குத் தாரைவார்த்துவிட்டாள்! நான் போய்த் தலையாட்டினால் முடிந்தது.

விடுவேனா? சட்டையை மாட்டினேன்.

"வயிறாரச் சாப்பிட்டுப் போங்க," என்றாள்.

"எதுக்கு?"

"பேச்சு இழுத்துடுச்சுன்னா? பசியில விட்டுக்கொடுத்துடுவீங்க."

நியாயமாகத்தான் பட்டது. சாப்பிட்டேன். சந்தேகத்தோடுதான் சாப்பிட்டேன்.

"இன்னொரு தடவை பல் தேய்ச்சுடுங்க."

"பேசப் போறவனுக்குப் பல்லு எதுக்குடி?"

"வாயிலேர்ந்து வர்ற வார்த்தை சுத்தமா இருக்க வேண்டாமா?"

அதுவும் நியாயம். தேய்க்கும்போது கடைவாய் உயிரை எடுத்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. ஸ்கூட்டர் இடத்துக்காக எதையும் தாங்கலாம்.

மாடியில் டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தேன்."

எதிர்பார்த்தாரா? யார் சொன்னது? சந்தேகம் இரட்டிப்பானது. உள்ளே போனால் உட்கார ஒரே ஒரு நாற்காலி. காலை நீட்டிச் சாய்ந்துகொள்ளும் நாற்காலி. அமைச்சருக்கு இப்படித்தான் ஆசனம் போடுவார்கள் என்று சாய்ந்தேன்.

"இதோ பாருங்க டாக்டர், என் ஸ்கூட்டர் இடத்துல ஒரு அங்குலம்கூட..."

"பேசலாம், பேசலாம். என்ன தயக்கம்? நல்லா வாயைத் திறந்து சொல்லுங்க."

திறந்தேன்.

"இன்னும் கொஞ்சம் பெருசா."

தலைக்கு மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது. "ஓ, இதுதானா! ராத்திரியெல்லாம் நீங்க முனகறதைக் கேட்க முடியலைன்னு உங்க வீட்டம்மா அழாத குறையா சொன்னாங்க."

அடிப் பாவி! "தூது வந்தவன் மேல கை வைக்கக் கூடாது!" என்று கத்தினேன். வாய்க்குள் டாக்டரம்மாவின் விரல் இருந்ததால் "ஊ ஊ" என்றுதான் கேட்டது. வெளியே போய் மாட்டிக்கொண்டவனை மீட்க வேண்டியது வெளியுறவு அமைச்சர். இங்கே மாட்டிக்கொண்டதே அவர்தான். யாரைக் கூப்பிடுவது?

ஊசி. அப்புறம் கன்னம், உதடு, நாக்கு எதுவும் என் ஆட்சியில் இல்லை. ஒரு இழுப்பு. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தேன். படியடியில் மனைவி நின்றிருந்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"வலி விட்டுச்சாங்க?"

விட்டுத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்வேனா? முறைத்தேன்.

மேலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "பக்கத்துப் பல்லும் சொத்தைதாம்மா! அடுத்த வாரம் அதையும் எடுத்துடலாமான்னு அவரையே கேளுங்க!"

முடியாது, உயிரே போனாலும் முடியாது என்று முழங்கினேன். பஞ்சைத் தாண்டி "ம்ம்ம்" என்று வந்தது. தலையைப் பலமாக ஆட்டினேன். நான் எப்படி ஆட்டினாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மனைவி மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"அமைச்சர் சம்மதிச்சுட்டார், டாக்டர்!"