ஜன்னலோர டப்பாவும் அலமாரி டப்பாவும்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

உன் அத்தை அநேக ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சாமி புண்ணியத்தில் நானும் மாமாவும் சுகம். மாநாட்டுக்குப் போன இடத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் பூஞ்சைகளும்... அதைப் பத்திதாம்மா எழுதறேன். போன்ல சொன்னா அழுதுடுவேன். நாளைக்கு உன்னைக் கூட்டிவர மாமா வர்றப்ப கையில குடுப்பார். படிச்சுட்டு அவரைத் திட்டாதே.

நீ போறப்ப என்ன சொன்னே? "அத்தை, ரெண்டு டப்பாவிலயும் ஒரே பூஞ்சைதான், நம்ம தக்காளிச் செடியைக் கருக்கின பாவி. ஒண்ணு ஜன்னலோரம் வெயில்லயும் காத்துலயும் கிடக்கட்டும். இன்னொண்ணு அலமாரி இருட்டுல ஈரத்துணி மேல இருக்கட்டும். எதுல கறுப்புத் தூளா வித்து பிடிக்குதுன்னு பாக்கணும். இடத்தை மாத்தினா என் படிப்பே போச்சு"ன்னே. நானும் தலையாட்டினேன். ஆனா மறுநாள் சாமி கும்பிட்டுத் திரும்பினா, ஒரு வயித்துப் பிள்ளைங்கள்ல ஒண்ணு வெயில்ல காயுது, இன்னொண்ணு மெத்தையில தூங்குது. பாவியாவே இருக்கட்டும், ஓரவஞ்சனை பண்ணலாமா? ரெண்டையும் இடம் மாத்தி வச்சுட்டுக் கோயிலுக்குக் கிளம்பிட்டேன்.

அப்புறம் பாரு, ஜன்னலோரம் இருக்கறது கறுகறுன்னு பூத்துடுச்சு, அலமாரியில இருக்கறது வெள்ளைப் பஞ்சாவே கிடக்கு. செல்லமா இருந்தவரைக்கும் வித்தே போடாதது, வெயில்ல வாடினதும் "இனி இங்க பிழைப்பில்லை, பிள்ளைங்களாவது எங்கயாவது போய்ப் பொழைக்கட்டும்"னு நெனைச்சுடுச்சோ? செடியெல்லாம் கருகின வருஷம்தானே உங்கப்பாவும் உன்னை வெளியூருக்குப் படிக்க அனுப்பினார். பஸ் போன பிறகும் ஆட்டின கையை அவர் இறக்கலே. பூஞ்சையைப் பாத்துக் கண்ணைத் தொடைச்சுக்கறேன்னு மாமாவுக்கு ஒரே சிரிப்பு.

ஆனா உன் படிப்பைக் கெடுத்துட்டேனே! மனசு கேக்காம இன்னிக்குக் காலையில பழையபடி மாத்தி வச்சுட்டேன். அத்தையை மன்னிச்சுடு. தீர்க்காயுசா, பேரும் புகழுமா இரு.

இப்படிக்கு,
உன் அத்தை

பின்குறிப்பு: உறையை ஒட்டறப்பதான் மாமா வாயைத் திறக்கிறார்: "நீ கோயிலுக்குப் போன கையோட, டப்பா அடியில 'ஜன்னல்', 'அலமாரி'ன்னு ஒட்டியிருந்த சீட்டைப் பாத்து நான் பழைய இடத்துலயே திருப்பி வச்சுட்டேனே. உன் இரக்கம் எனக்குத் தெரியாதா?" அப்ப கறுத்தது முதல்லேருந்தே ஜன்னலோரம் காஞ்சதுதான். செல்லம் வாடவே இல்லை. உன் படிப்பு இன்னிக்குக் காலை வரைக்கும் பத்திரமா இருந்திருக்கு. நான் திருந்தினதுலதாம்மா கெட்டுது.