காலி வீதியைத் தாண்டாத சைக்கிள்கள்

பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. எழுதி வைத்ததை எல்லாம் நாங்கள் கவனிப்போம். எழுதாமல் விட்டது வந்து எங்களைக் கவனிக்கும்.

கொழும்பு நெரிசலுக்கு மருந்தாக எங்கள் சிறிய நிறுவனம் பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியது. செயலியில் பூட்டைத் திறந்து சைக்கிளை எடுக்கலாம், வேறொரு நிலையத்தில் விடலாம். பூட்டுக்கான மென்பொருள் என் பொறுப்பு. முதல் நிலையம் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம். பத்து மணிக்கு மாநகரசபை அதிகாரி வருவார். அவருக்குப் பிடித்தால்தான் மற்ற நிலையங்களுக்கு அனுமதி, எனக்கு நிரந்தர வேலை. திறப்பு விழாவுக்கு நாற்பத்தொரு வேலைகளைப் பட்டியலிட்டிருந்தேன். (மழை வந்தால் என்ன செய்வது என்று ஒன்று. வராவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று.)

நாற்பத்திரண்டாவதை அம்மா சேர்த்தார்.

"புது வாகனம் பிள்ளை. தேசிக்காய் நசிக்காமல் ரோட்டில விடுறதோ?"

கோயில், காலி நகருக்குப் போகும் பெருவீதியான காலி வீதிக்கு அந்தப் பக்கம்தான். பத்து நிமிட வேலை. எங்கள் தொடர்மாடியில் சைக்கிள் ஓடத் தெரிந்த பத்துப் பேரை அம்மா ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தார்.

ஒன்பதே முக்காலுக்குப் பத்துச் சைக்கிள்களும் சந்தனப் பொட்டோடு கோயில் வாசலில் நின்றன. சக்கரங்களுக்கு முன்னால் இருபது தேசிக்காய்கள் (எலுமிச்சை). ஐயர் கற்பூரம் காட்டும்போது ஒரு சைக்கிள் அலறியது. அடுத்த கணம் பத்தும்.

எனக்கு மட்டும் விளங்கியது. திருட்டைத் தடுக்க நானே எழுதிய விதி: எல்லைக்கு வெளியே ஐந்து நிமிடம் நின்றால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், சைரன் அடிக்கும், திரும்ப எல்லைக்குள் வந்தால்தான் திறக்கும். அந்த எல்லையைக் காலி வீதியின் நட்டநடுவே இழுத்திருந்தேன். (கோடு அழகாக, நேராக வந்தது.)

"பிள்ளை, சாமிக்குக் காது நல்லாக் கேக்கும். உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோ," என்றார் ஐயர்.

"ரோட்டுக்கு அங்கால போனால்தான் ஐயா நிக்கும்."

அப்போது என் மேலாளர் தொலைபேசியில் வந்தார். "பைசிக்கல் கோ, நங்கி?" (சைக்கிள் எங்கே தங்கச்சி?) அதிகாரி பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டாராம்.

பத்துப் பேரில் ஒருவராக வந்திருந்த அப்பா ஒரு சைக்கிளைத் தோளில் ஏற்றினார். மற்றவர்களும் ஏற்றினார்கள். திருநீறு, பூ, சைரன் சகிதம் நாங்கள் காலி வீதியில் இறங்கினோம். பாதசாரிகள் கடக்கும் மஞ்சள் கோட்டில் யாருக்கும் நிற்காத பஸ் நின்றது. ஏதோ ஊர்வலம் என்று நினைத்து கண்டக்டர் கைகூப்பினார். நடுவீதியைத் தாண்டத் தாண்ட ஒவ்வொரு சைக்கிளும் அலறலை நிறுத்தி, தோளிலேயே பூட்டைத் திறந்துகொண்டது. என் மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அவமானம்.

சத்தம் கேட்டு வந்த அதிகாரி எதிர்ப்பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். காலி வீதியையே தாண்டத் தெரியாத சைக்கிள் எந்த நெரிசலைத் தீர்க்கும் என்று சிங்களத்தில் அமைதியாகக் கேட்டார். கையிலிருந்த பட்டியலில் நாற்பத்து மூன்றாவதாக அந்தக் கேள்வியை எழுதினேன்.

எல்லைக் கோட்டைத் திருத்திய பிறகு அனுமதி வந்தது. அடுத்த நிலையம் கோயிலடியில்தான் என்பது அவர் போட்ட நிபந்தனை. நானும் வேலையில் தப்பினேன்.

ஆனால் வெள்ளிக்கிழமைகளில் கோயில் வாசலில் அம்மா யாரோடாவது நின்று கதைக்கத் தொடங்கினால், அப்பா இன்றும் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"அஞ்சு நிமிசம் முடிஞ்சுது பிள்ளை. இனி கொம்மாவைத் தூக்கித்தான் கொண்டுபோக வேணும்."