நெற்றியில் வரைந்த மூக்கு

படித்தவன் முட்டாளாகும்போது சாதாரண முட்டாளைவிட வெகு நேர்த்தியாக ஆவான். நான் சர்ஜரி பரீட்சையில் கோட்டை விட்ட கதையே அதற்குச் சாட்சி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பிளாஸ்டிக் சர்ஜன் என்று எங்கள் ஊரில் தனிப் பட்டம் கிடையாது. சர்ஜரி தேறியவர்தான் உடைந்த காலையும் பார்க்க வேண்டும், போன மூக்கையும் வைக்க வேண்டும். அந்த வருஷம் மூக்குதான் வரும் என்று பேச்சு. நெற்றித் தோலை மூக்கின் வடிவில் வெட்டி, புருவத்தருகே மட்டும் ஒட்டியிருக்க விட்டு, கீழே திருப்பித் தைப்பார்கள். ஆகையால் நெற்றியில் மூக்கைத் தலைகீழாக வரைய வேண்டும். (இந்தக் கடைசி வரியை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

பரீட்சையன்று காலை, சாந்தோம் வீட்டில் கண்ணாடி முன் நின்றேன். வெற்றிலையை மூக்கு மாதிரி கத்தரித்து, என் நெற்றியிலேயே வைத்து, சுற்றிலும் கோடு போட்டுப் பழகினேன். மை கறை படியுமே! மகா புத்திசாலி அல்லவா, அலமாரியில் தண்ணீர் போலிருந்த மருந்தைத் தொட்டு வரைந்தேன். கோடு தெரியவே இல்லை. அது சில்வர் நைட்ரேட். வெயில் பட்டால் கறுத்துவிடும், தேய்த்தாலும் போகாது. (இதுவும் எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் முழு மார்க்.)

டிராமில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். புதுக் கோட்டின் மகிமை என்று நினைத்து, ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பரீட்சை அறை நாற்காலியில் இருந்தவர் தேனாம்பேட்டை ஜட்கா வண்டிக்காரர் மாணிக்கம். அவர் மூக்கைக் குதிரை கடித்துவிட்டது. மூன்று வருஷமாகப் பரீட்சைக்குப் பரீட்சை வந்து முகம் காட்டுவார். ஆபரேஷனுக்கு மட்டும் சம்மதிக்க மாட்டார்.

பரீட்சகர் கேள்வியே கேட்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். மாணிக்கமும் பார்த்தார்.

"இன்னா டாக்டரே, ஓட்டை கீழ கீது? திருப்புனா மேல வந்துடுமே! மழை பேஞ்சா மூக்குல தண்ணி ரொம்பிடும்."

பதறிப்போய் கைகழுவும் இடத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றியில் கன்னங்கரேலென்று ஒரு மூக்கு.

"நோயாளி பாஸ்," என்றார் பரீட்சகர். "நீங்கள் ஆறு மாதம் கழித்து வாருங்கள்."

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் அழுதேன். பீடியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் மாணிக்கம்.

"வுடு நைனா. மத்தவன்லாம் என் நெத்தியிலதான் கோடு போட்டுப் பாத்தானுங்கோ. நீ ஒருத்தன்தான் உன் நெத்தியில போட்டுக்கினே. பாஸ் பண்ணிக்கினு வா, உன்கிட்டயே மூக்கு வெச்சிக்கிறேன்."

அந்த ஆறு மாதமும் நான் படித்தது பட்டத்துக்காக என்பதைவிட அந்த மனிதருக்காகத்தான். தேறினேன். முதல் மூக்கு அவருடையது. குளோரோபார்ம் கொடுக்கும் முன் கையைத் தூக்கி நிறுத்தி, கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, என் கோட்டைச் சரிபார்த்த பிறகுதான் தூங்கினார்.

இன்றும் கிறிஸ்துமஸுக்குத் தவறாமல் வீட்டுக்கு வருவார். என் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "இத்த உங்க நைனாவுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்," என்பார். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். சர்டிபிகேட்டில் அவர் கையெழுத்து இல்லைதான். ஆனால் பொய் என்று நான் எந்த வாயால் சொல்வது?